சத்தம் என்று நான் சொன்னது: ஊழியத்துக்குப் போன நாட்டில் சந்தித்த இசைக்காரர்கள்

வயல்வெளி

நேராக விஷயத்துக்கு வருகிறேன். ஜிம்பாப்வேயில் ஆறு வருஷம் இருந்தேன். மரோண்டேரா பக்கம் ஒரு சின்ன சபை, வார நாட்களில் வேதாகம வகுப்பு. அங்கே ம்பிரா வாசிக்கும் ஒரு பெரியவர் பழக்கமானார். ம்பிரா என்னவென்று இங்கே பலருக்குத் தெரிந்திருக்கும். பலகைமேல் இரும்பு நாக்குகள், அதைப் பெரிய சுரைக்குடுக்கைக்குள் வைத்து இரண்டு கட்டைவிரலாலும் வலது ஆட்காட்டி விரலாலும் வாசிப்பார்கள். அவரை நான் 'செகுரு' என்றுதான் கூப்பிடுவேன், நம்ம ஊர்த் தாத்தா மாதிரி.

எட்டு மாதம் சாயங்காலம் சாயங்காலம் அவர் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்தேன். கட்டைவிரல் கீழ்நோக்கி அழுத்தும், ஆட்காட்டி விரல் அடியிலிருந்து மேல்நோக்கிச் சுண்டும். எனக்கு அந்த ஒரு விரல் மட்டும் கடைசிவரை வரவே இல்லை. நகம் உடைந்து ரத்தம் வந்த அன்று அவரே துணி கிழித்துக் கட்டிவிட்டார். அவர் மனைவி எங்கள் சபையில் பல வருஷமாக அங்கத்தினர். செகுரு மட்டும் வரமாட்டார். ஒருநாள் அவராகவே, "அறுப்பின் பண்டிகைக்கு நான் வாசிக்கட்டுமா?" என்று கேட்டார். அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே இல்லை, அவ்வளவு சந்தோஷம்.

சனிக்கிழமை ஒத்திகை. புதிதாக வந்த ஸ்பீக்கரும் மைக்கும் இருந்தன. குடுக்கைக்குப் பக்கத்தில் மைக்கை வைத்ததும் 'ஙொர்ர்ர்' என்று ஒரே இரைச்சல். ம்பிரா பலகையில் கம்பி போட்டு சோடா மூடிகளைக் கோத்திருப்பார்கள். நாக்கு அதிரும்போதெல்லாம் அதுவும் சேர்ந்து அதிரும். நான் ரொம்ப மரியாதையாகத்தான் கேட்டேன். "செகுரு, இந்த மூடிகளை மட்டும் கழற்றிவிடலாமா? சத்தமாக இருக்கிறது."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து மெதுவாக ரெண்டு தட்டு தட்டினார். அந்த ஊரில் பெரியவர்கள் மரியாதை காட்டுவது அப்படித்தான். பேரனிடம் குறடு கேட்டு வாங்கி, ஒவ்வொன்றாகக் கழற்றி, என் கையைப் பிடித்து விரித்து உள்ளங்கையில் வைத்தார். பதினொரு மூடி. அவர் கைச்சூடு அதில் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை வாசித்தார். சுத்தமாக, சாவி கொடுத்த பொம்மை மாதிரி கேட்டது. ஜனங்கள் மரியாதைக்கு உட்கார்ந்திருந்தார்கள், ஒரு தோள்கூட அசையவில்லை. அதற்கப்புறம் அவர் சபைக்கு வரவில்லை. வீட்டுக்குப் போனால் முன்போலத் தேநீர் தருவார், பேசுவார். ம்பிராவை மட்டும் வெளியே எடுக்கமாட்டார். ரெண்டு மாதம் கழித்து என் மாணவன் ஒருவன் தயங்கித் தயங்கிச் சொன்னான்: "பாஸ்டர், அந்த இரைச்சலுக்குள்ளேதான் பாட்டு இருக்கிறது. கேட்கிறவர்கள் அதற்குள்ளே போய்த்தான் ராகத்தைத் தேடுவார்கள்."

ஊருக்குத் திரும்பி வருஷங்கள் ஆகிவிட்டன. பிரசங்க பீடத்தில் நிற்கும்போதுகூட அந்தக் குறடு சத்தம் கேட்கிறது. உங்களுக்கு இப்படி ஏதாவது நடந்திருந்தால் எழுதுங்கள்.

வீணைக்காரி

அண்ணா, நம்ம தம்புராவில் ஜீவா போடாமல் சுருதி கேட்டிருக்கீங்களா?

குதிரைமேல் தந்திக்கு அடியில் ஒரு பருத்தி நூல் இருக்கும். அதை மயிரிழை மயிரிழையாக நகர்த்துவோம். ஒரு இடத்தில் தந்தி சட்டென்று 'ங்ஙீ' என்று ரீங்காரம் எடுக்கும். அந்த இடம் கிடைக்கும்வரை என் குரு பாட ஆரம்பிக்கவே மாட்டார். நூலை எடுத்துவிட்டால் தந்தி வெறும் கம்பிதான். அதற்கு ஜீவா என்றே பெயர் வைத்திருக்கிறோம், அதாவது உயிர். நம்ம வீட்டிலேயே இருந்ததை நாம் அங்கே போய்க் கழற்றச் சொல்லியிருக்கிறோம்.

குத்திக் காட்டுவதற்காக எழுதவில்லை. அந்த இடத்தில் நானாக இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். மைக்கில் கேட்பதற்கு நம் காதைப் பழக்கிவிட்டார்கள்.

ஓய்வுபெற்ற வாத்தியார்

நான் போதகன் இல்லை. நைஜீரியாவில் இபாதானில் பள்ளி வாத்தியார் வேலை, அதோடு சபையில் பாடகர் குழு. அந்தக் காலத்தில் நம் ஆட்கள் நிறையப் பேர் அங்கே வாத்தியாராகப் போனார்கள். டுன்டுன் என்ற பேசும் மேளம் பற்றி விளக்க வேண்டாம் என்று நினைக்கிறேன். நம்ம உடுக்கையின் பெரிய அண்ணன். இடை சிறுத்து, கயிறு கட்டி, அக்குளில் வைத்து இறுக்கினால் சுரம் ஏறும், விட்டால் இறங்கும்.

எனக்கு ஓர் ஆசை. நம்ம கீர்த்தனை மெட்டு ஒன்றில் யோருபா வார்த்தைகளைப் போட்டுப் பாடவேண்டும். ஆத்தும மணவாளனைப் பற்றிய பாட்டு. வார்த்தைகளை ஒரு மூப்பரிடம் கேட்டு எழுதி, இலக்கணம் சரிபார்த்து, மூன்று வாரம் பழக்கினேன். பாடினோம். பின்வரிசைப் பெண்கள் தலைத்துணியால் வாயை மூடிக்கொண்டார்கள். ஆராதனை முடிந்ததும் மேளக்காரர் என்னைக் கூட்டிக்கொண்டு மரத்தடிக்குப் போனார். எனக்கு மகன் வயது இருக்கும். வாயால் ஒன்றும் சொல்லவில்லை. மேளத்தை இடுக்கிக்கொண்டு சமமாக இரண்டு அடி அடித்தார். "இது நீங்க எழுதினது." பிறகு முதல் அடி அப்படியே, இரண்டாவது அடிக்குக் கயிற்றை இறுக்கினார். சுரம் ஏறியது. "இது நீங்க பாடினது."

யோருபாவில் 'ஒக்கோ' என்று சமமாகச் சொன்னால் கணவன். கடைசியை உயர்த்தினால் மண்வெட்டி. தாழ்த்தினால் வண்டி. என் மெட்டு அந்த இடத்தில் மேலே போகிறது. ஒரு சபை முழுக்க என் ஆத்துமாவின் மண்வெட்டியே என்று பாட வைத்திருக்கிறேன். அவர் சிரிக்கவில்லை. என் தோளைத் தொட்டு, "மெட்டை வார்த்தைக்குள்ளே இருந்து எடுங்க மாஸ்டர், வெளியே இருந்து கொண்டுவராதீங்க" என்றார்.

நான் அன்றைக்குப் புதிதாகக் கற்றது அங்கே ரொம்பப் பழைய சங்கதி என்று பிறகுதான் தெரிந்தது. வெள்ளைக்காரர்கள் மொழிபெயர்த்த ஞானப்பாட்டுகளிலேயே இந்தக் குளறுபடி உண்டு. அதனால்தான் ஜே. ஜே. ரான்ஸம் குட்டி என்ற ஆங்கிலிக்கன் குருவானவர் யோருபா மெட்டிலேயே பாட்டுக் கட்டினார். 1922-ல் லண்டனில் அவருடைய பாட்டுகள் கிராமபோன் தட்டில் பதிவாகியிருக்கின்றன. உலகம் முழுக்கத் தெரிந்த பாடகர் ஃபெலா குட்டியின் தாத்தா அவர். நான் அந்த ஊருக்குப் போவதற்குமுன் இதைப் படித்திருந்தால் அந்தப் பையன் முன்னால் அப்படி நின்றிருக்க மாட்டேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த மேளத்தைச் சபைக்குள் சேர்க்க முதலில் எனக்கே மனசு வரவில்லை. சின்ன வயதில் எங்கள் தெருவில் கோடாங்கி கையில் பார்த்த உடுக்கைதான் கண்முன்னால் வந்தது.

பழைய பாதை

சகோதரர் வயல்வெளிக்கும் வாத்தியார் ஐயாவுக்கும் ஸ்தோத்திரம். உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் ஒரு பக்கத்தை யாரும் எழுதவில்லை, அதனால் எழுதுகிறேன்.

நானும் ஜிம்பாப்வேயில் ஹராரேயில் இருந்தவன்தான். ம்பிராவில் பெரிய வகைக்குப் பெயரே 'ம்பிரா ட்ஸாவாட்ஸிமு', முன்னோர் ஆவிகளின் ம்பிரா. பீரா என்ற சடங்கில் ராத்திரி முழுக்க அதை வாசித்துத்தான் செத்த முன்னோரை மனுஷர்மேல் இறங்க வைப்பார்கள். இது நானாகச் சொல்வதல்ல, அவர்களே சொல்வது.

எங்கள் சபையில் ஓர் அம்மா இருந்தார்கள். இரட்சிக்கப்படுவதற்குமுன் இருபது வருஷம் ஆவி இறங்கிக் குறி சொன்னவர்கள். வாலிபர் ஆராதனையில் பையன்கள் ஆசையாக ம்பிரா கொண்டுவந்து வாசித்தார்கள். நான் சம்மதம் கொடுத்திருந்தேன். நாலாவது வரிசையில் அந்த அம்மா முன் பெஞ்சை இரண்டு கையாலும் பிடித்தார்கள். விரல் கணுவெல்லாம் வெளுத்துப் போயிற்று. உடம்பு முன்னும் பின்னும் ஆட ஆரம்பித்தது. கண்ணை இறுக மூடி 'இயேசுவே இயேசுவே' என்று மட்டும் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். என் மனைவி ஓடிப்போய் அணைத்து வெளியே கூட்டிக்கொண்டு போனாள். ஒரு மணி நேரம் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். "பாஸ்டர், நான் எவ்வளவு தூரம் நடந்து இங்கே வந்தேன், என்னை ஏன் திரும்பக் கூப்பிடுறீங்க?" என்று கேட்டார்கள்.

தம்புராவுக்கும் ஜீவாவுக்கும் ஒப்பிடுவது கேட்க அழகாக இருக்கிறது சகோதரி. ஆனால் அந்த அம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்வது? கலை, பண்பாடு என்று வெளியூர்க்காரர்களான நாம் மயங்குகிறோம். விட்டுவந்தவர்களுக்கு அதன் விலை தெரியும்.

அடிக்குச்சி

பழைய பாதை ஐயா, அந்த அம்மாவை யாரும் தள்ளிவிடச் சொல்லவில்லை. அவர்கள் இருக்கும் கூட்டத்தில் வாசிக்காமல் இருப்பதுதான் அன்பு. அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதையே எல்லாருக்கும் சட்டமாகப் போட்டால் என்ன ஆகும் என்று நம்ம ஊரில் பார்த்தாச்சு.

நான் கடல் தாண்டியவன் இல்லை. என்னிடம் இருப்பது வந்தவரைப் பற்றிய கதை. மதுரை இறையியல் கல்லூரியில் நான் படித்தபோது ஜெர்மனியிலிருந்து ஒருவர் வந்திருந்தார். போதகர் பயிற்சி முடித்தவர், ஆர்கன் வாசிப்பவர். பறை கற்றுக்கொள்ள வேண்டும் என்று ஒரு பக்கத்துக் கிராமத்துக்கு எங்களோடு வந்தார். அடிப்பதற்குமுன் வைக்கோலைக் கொளுத்தி, பறையைத் தீயில் காட்டினார்கள். அவர் பதறிப்போய் ஓடிவந்து கையை நீட்டினார், தோல் கருகிவிடும் என்று. வாசிக்கிற அண்ணன் அவர் கையைப் பிடித்து, சூடான தோல்மேல் வைத்து விரலால் ஒரு சுண்டு சுண்டச் சொன்னார். 'ணங்'. அந்த வெள்ளைக்காரர் முகம் மாறியதை நான் பார்த்தேன். பிறகு மூன்று மாதம் வலது கையில் அடிக்குச்சியும் இடது கையில் சிண்டுக்குச்சியுமாகக் கொப்புளம் போட்டுப் பழகினார்.

அவர் ஊருக்குப் போகிற வாரம் அந்த அண்ணன் கேட்டது இன்னும் எனக்குள் இருக்கிறது. "நீங்க எங்க மேளத்தைத் தொட்டீங்க. எங்க ஊர்க் கோயில்ல, அதான் உங்க சர்ச்சுல, இதை ஏன் உள்ள விடமாட்டேங்கறாங்க?" ஜெர்மன்காரருக்குப் பதில் தெரியவில்லை, என்னைப் பார்த்தார். எனக்குப் பதில் தெரியும். சாவுக்கு அடிப்பது, பேய்க்கு அடிப்பது என்று வெளியே சொல்வோம். உண்மையான காரணம் சாதி. அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பரட்டை அண்ணன் என்று நாங்கள் கூப்பிட்ட, எங்கள் கல்லூரியில் பாடம் நடத்திய தியாபிலஸ் அப்பாவு ஐயா இதைத்தான் வாழ்நாள் முழுக்கப் பேசினார், 2005-ல் கண்மூடும்வரை. கர்நாடக மெட்டில் பாடினால் பரிசுத்தம், கிராமத்து மெட்டில் பாடினால் அசுத்தம் என்று யார் பிரித்தது என்று கேட்டார். வேதநாயக சாஸ்திரியார் தஞ்சாவூரில் சரபோஜி மன்னர் காலத்தில் கீர்த்தனை கட்டினார், 1853-ல் அமெரிக்க மதுரை மிஷனின் எட்வர்ட் வெப் ஐயர் அதையெல்லாம் சேர்த்து அச்சிட்டார். நல்ல காரியம்தான், நானும் அதைப் பாடித்தான் வளர்ந்தேன். ஆனால் அந்த ராகங்களும் ஒருகாலத்தில் வேறு தெய்வங்களைப் பாடியவைதானே? ராகத்துக்கு ஒரு நியாயம், தோலுக்கு ஒரு நியாயமா?

இசைக்கருவியைப் பார்த்து ஆவி என்று சொல்வதற்குமுன் அதை வாசிக்கும் மனிதர் யார், ஊரில் எங்கே நிறுத்தப்பட்டிருக்கிறார் என்று பாருங்கள். இதைக் கோபமாக எழுதவில்லை, வலியோடு எழுதுகிறேன்.

மெகாங் கரை

விவாதத்துக்குள் வரவில்லை. ஆனால் பழைய பாதை ஐயா சொன்ன அம்மாவைப் பற்றிப் படித்ததும் என் கதையை எழுதத் தோன்றியது. இன்றுவரை எனக்கே தீர்வு கிடைக்காத விஷயம்.

கம்போடியாவில் பாத்தம்பாங்கில் இருந்தேன், பிள்ளைகள் விடுதியில். அங்கே 'த்ரோ' என்று இரண்டு தந்தி வைத்து வில்லால் வாசிக்கும் கருவி உண்டு. பக்கத்துத் தெருவில் ஒரு தாத்தா அதில் கை தேர்ந்தவர். பொல்பாட்டின் கொடுங்கோல் ஆட்சிக் காலத்தில், அந்த 1975 முதல் 1979 வரைக்கும், இசைக்காரர் என்று தெரிந்தால் உயிரோடு விடமாட்டார்கள் என்று விரலில் மண் அப்பிக்கொண்டு வயலில் மாடு மேய்ப்பவராக நடித்துப் பிழைத்தவர். அவருடைய குருவும் கூட வாசித்த அத்தனை பேரும் போய்விட்டார்கள்.

கற்றுத்தரக் கேட்டேன். சரி, முதலில் 'சம்பெயா க்ரூ' செய்ய வேண்டும் என்றார். குரு வணக்கம். ஊதுவத்தி, மெழுகுவர்த்தி, பூ, பழம் வைத்து, போன குருமாரின் ஆவிகளைக் கும்பிட்டுவிட்டுத்தான் முதல் பாட்டைத் தொடுவார்கள். நான் கைகூப்பி, "தாத்தா, நான் கர்த்தரை மட்டும்தான் கும்பிடுவேன்" என்றேன். அவர் கோபப்படவில்லை. ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். "குரு இல்லாமல் வந்த பாட்டு எங்கே போகும் என்று எனக்குத் தெரியாது" என்று மட்டும் சொன்னார்.

அப்புறம் கேட்டார்: "உனக்குப் பாட்டு சொல்லிக்கொடுத்தது யார்?"

என் ஆச்சி. விடியற்காலையில் திண்ணையில் உட்கார்ந்து, தொடையில் தாளம் போட்டுக்கொண்டு, எனக்குக் கீர்த்தனை சொல்லிக்கொடுத்த ஆச்சி. சொன்னேன். பேரைக் கேட்டார். சொன்னேன். அந்தப் பேரை அவர் நாக்குக்கு வருகிற மாதிரி ரெண்டு மூன்று தரம் சொல்லிப் பார்த்தார். பிறகு ஊதுவத்தி எதையும் கொளுத்தவில்லை. ஒரே ஒரு மல்லிகையை எடுத்துத் தன் த்ரோவுக்குப் பக்கத்தில் வைத்து, என் ஆச்சி பேரைச் சொல்லிவிட்டு, வில்லை என் கையில் கொடுத்தார்.

நான் குனியவில்லை, கும்பிடவில்லை. ஆனால் அழுதேன். அது வணக்கமா, வெறும் நன்றியா? என்னை அனுப்பிய சபைக்கு எழுதிய அறிக்கையில் இதைச் சேர்க்கவில்லை. மறைத்தேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு அவர் எனக்காக எவ்வளவு தூரம் இறங்கிவந்தார் என்பதுதான் திரும்பத் திரும்ப நினைவுக்கு வருகிறது. நான் அவருக்காக எவ்வளவு தூரம் போனேன் என்று கேட்டால் பதில் இல்லை.

சவுண்ட் பாக்ஸ்

வயல்வெளி பிரதர், தொழில் ரீதியாகச் சில விஷயம் சொல்கிறேன், இனிமேல் போகிறவர்களுக்கு உதவும்.

முதலில் என் அனுபவம், சுருக்கமாக. அடிஸ் அபாபாவில் ஒரு வானொலி ஊழியத்துக்கு ஒலிப்பதிவு செய்தேன். பெகெனா வாசிக்கும் பெரியவர் வந்தார். பத்துத் தந்தி, ஒரு மீட்டருக்கு மேல் உயரம். தாவீது ராஜாவின் சுரமண்டலம் என்றே அங்கே சொல்வார்கள், தவக்காலத்தில் அதிகம் கேட்கலாம். அதிலும் தந்திக்கும் குதிரைக்கும் இடையில் தோல் துண்டு வைப்பார்கள், வண்டு மாதிரி இரையும். நான் ராத்திரி உட்கார்ந்து அந்த இரைச்சலை வடிகட்டிச் சுத்தப்படுத்தினேன். மறுநாள் ஹெட்போனில் போட்டுக் காட்டினேன். கேட்டுவிட்டுக் கழற்றினார். "நன்றாக இருக்கிறது. இது யாருடைய பெகெனா?" அவ்வளவுதான்.

இப்போது விஷயத்துக்கு. மைக்கைக் குடுக்கையின் வாய்க்கு நேராக வைத்தால் மூடிச்சத்தம்தான் முன்னால் வரும். இரண்டடி தள்ளி, வாசிப்பவரின் தோள் உயரத்தில், கொஞ்சம் சாய்த்து வையுங்கள். நம் காது எந்த இடத்தில் இருந்து கேட்கிறதோ அந்த இடம். சின்னக் கூடத்துக்கு மைக்கே வேண்டாம், ஜனங்களைக் கிட்ட வந்து உட்காரச் சொல்லுங்கள். அதுதான் சரியான ஒலியமைப்பு.

கீபோர்டுக்கு ஏற்ற மாதிரி அவர்கள் சுருதியை மாற்றச் சொல்லாதீர்கள். ம்பிரா செய்கிறவருக்குச் செய்கிறவர் சுருதி வேறுபடும். இரும்பு நாக்கை ஒருதரம் தட்டி நீட்டி மாற்றினால் பழைய இடத்துக்குக் கொண்டுவருவது பெரும்பாடு. பாடுகிறவர்கள் ம்பிராவிடமிருந்து சுருதி எடுத்துக்கொள்ளட்டும். கீபோர்டை அன்றைக்கு மூடி வையுங்கள். ஒத்துவரவில்லை என்றால் காதைக் கொஞ்ச நாள் பழக்குங்கள், ரெண்டு வாரத்தில் பழகிவிடும்.

ஒருவரை மட்டும் மேடையில் தனியாக உட்கார வைக்காதீர்கள். ம்பிராவில் ஒருவர் தொடங்குவார், இன்னொருவர் அதன் இடைவெளிகளில் பின்னுவார், மூன்றாவது ஆள் சுரைக்காய்க் கிலுக்கு ஆட்டுவார். ஜனங்கள் கைதட்டிக் குரல் கொடுப்பார்கள். பெரியவர் அன்று தனியாக வாசித்திருந்தால், மூடி இருந்திருந்தாலும் அரை இசைதான் வந்திருக்கும். பிரதர், இதை நீங்கள் யோசித்தீர்களா என்று தெரியவில்லை.

காசு. சபை என்றால் இலவசம் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். ஒத்திகைக்கு வருகிற நாளுக்கும் கூலி கொடுங்கள். அவர் வேண்டாம் என்றால் வேறு வழியில் மரியாதை செய்யுங்கள். பதிவு செய்தால் அனுமதி கேளுங்கள், அவர் பெயரை முதலில் போடுங்கள், ஒரு பிரதியை அவர் வீட்டில் கேட்கிற விதத்தில் கொடுங்கள். பென்டிரைவ் கொடுத்துவிட்டு வந்தால் அவர் எதில் போட்டுக் கேட்பார்?

பாடவேண்டும் என்று அவசரப்படாதீர்கள். முதல் ஒரு வருஷம் கேளுங்கள். லண்டன் மிஷனிலிருந்து வந்த பாப்ளி ஐயர் நம்ம கர்நாடக சங்கீதத்தைக் கற்றுக்கொண்டு ஊர் ஊராகக் காலட்சேபம் செய்தார். 1921-ல் இந்திய இசையைப் பற்றிப் புத்தகமே எழுதினார். அப்படி எழுதுகிற அளவுக்கு அவர் எத்தனை வருஷம் கேட்டிருப்பார்? நாம் ரெண்டு மாதத்தில் ஆல்பம் போடுகிறோம்.

சகோதரி மெகாங் கரை, நீங்கள் அறிக்கையில் எழுதியிருக்க வேண்டும். அனுப்புகிற சபைகள் இதையெல்லாம் கேட்டால்தான் வளரும்.

மெகாங் கரை

பிரதர், நான் ஆலோசனை கேட்கவில்லை. அந்த அறிக்கை வாசிக்கப்பட்டிருந்தால் விடுதிக்கு வந்த உதவி நின்றிருக்கும், நாற்பது பிள்ளைகள் இருந்தார்கள். உங்கள் மைக் விஷயம் உபயோகமானது. நன்றி.

மோக்சோஸ் சிஸ்டர்

எல்லாரும் குற்ற உணர்விலேயே எழுதுகிறீர்கள். எனக்கு நடந்தது வேறு மாதிரி, அதையும் போடுகிறேன்.

எங்கள் சபை கன்னியர் மூன்று பேர் பொலிவியாவில் மோக்சோஸ் பகுதியில் இருந்தோம். பழைய இயேசு சபை மிஷன் ஊர். முதல் பெருவிழாவில் பூர்வகுடிப் பிள்ளைகளும் பெரியவர்களும் வயலின் வாசித்தார்கள், பரோக் என்ற பழைய ஐரோப்பிய இசை. மண்தரை, வெறுங்கால், அந்த வயலின்களும் உள்ளூர் மரத்தில் செய்தவை. நான் போய் ஒரு முதியவர் கையைப் பிடித்து, "ஐரோப்பிய சங்கீதத்தை எவ்வளவு அருமையாகக் கற்றிருக்கிறீர்கள்" என்றேன். அவர் ஒன்றும் புரியாமல் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். பிறகு என்னிடம் கேட்டார்: "அங்கேயும் இதை வாசிக்கிறார்களா சிஸ்டர்?"

எனக்கு அந்த இடத்திலேயே வெட்கமாகப் போயிற்று. 1767-ல் ஸ்பெயின் ராஜா இயேசு சபையாரை விரட்டிவிட்டார். குருக்கள் இல்லாமலேயே இந்த மக்கள் தலைமுறை தலைமுறையாக அந்தத் தாள்களைக் கையால் படியெடுத்து, கிழிந்தால் மறுபடி எழுதி, வாசித்து வந்திருக்கிறார்கள். பக்கத்துச் சிகித்தோஸ் பகுதியில் 1972-ல் ஹான்ஸ் ரோத் என்ற சுவிஸ்காரர் கோயில்களைப் புதுப்பிக்கத் தொடங்கினார். அந்தக் காலத்தில் ஆயிரக்கணக்கான பக்கங்கள் கிடைத்தன. இத்தாலியில் பிறந்த இசையமைப்பாளர் டொமெனிகோ சிப்போலியின் பாட்டுகளும் அதில் இருந்தன. ஐரோப்பா மறந்துபோனதை இவர்கள் வைத்திருந்தார்கள்.

பழைய பாதை ஐயா, அடிக்குச்சி தம்பி, ரெண்டு பேருக்கும் சொல்கிறேன். எது யாருடைய இசை என்று நாம் வெளியே நின்று பிரிக்கிறோம். அந்த முதியவருக்கு அது அவர் தாத்தா வாசித்தது. அவ்வளவுதான். அதே சமயம், அந்த மிஷன் வருவதற்குமுன் அவர்கள் என்ன வாசித்தார்கள் என்று நான் கேட்டபோது அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. அந்த ஒரு நிமிஷ மௌனமும் என்னோடு இருக்கிறது.

பழைய பாதை

அடிக்குச்சி தம்பி, சாதி என்று நீங்கள் எழுதியதை இரண்டு நாள் யோசித்தேன். எங்கள் ஊர்ச் சபையிலும் அதே காரணம்தான். நானும் சாவு மேளம் என்றே சொல்லி வந்திருக்கிறேன். ம்பிரா விஷயத்தில் என் மனம் மாறவில்லை, அந்த அம்மாவின் விரல்களை நான் பார்த்தேன். பறை விஷயத்தில் நீங்கள் சொன்னது சரி.

சகோதரர் வயல்வெளி, ஒரு கேள்வி. அந்த மூடிகள் என்ன ஆயின?

வயல்வெளி

ஐயா, திருப்பிக் கொடுக்கப் போனேன். மாணவன் சொன்ன அன்றைக்கே சாயங்காலம் ஓடினேன். திண்ணையில் உட்கார்ந்து, கையை விரித்து நீட்டினேன். செகுரு அதே மாதிரி ரெண்டு தட்டுத் தட்டினார். "உனக்குக் கொடுத்தது" என்றார். வாங்கவில்லை. வற்புறுத்த எனக்குத் தைரியம் இல்லை.

சவுண்ட் பாக்ஸ் பிரதர் சொன்னது சரி. தனியாகத்தான் உட்கார வைத்தேன். கிலுக்கு ஆட்ட அவர் தம்பி வந்து வாசலில் நின்றார். ஸ்டேஜில் இடம் இல்லை என்று நான்தான் சொன்னேன். இதை முதல் பதிவில் எழுதவில்லை. இப்போது எழுதிவிட்டேன்.

மூடிகள் ஒரு பழைய பெப்பர்மின்ட் டப்பாவில் இருக்கின்றன. மூன்று வீடு மாறியும் கூடவே வந்தன. நேற்று ராத்திரி எடுத்துப் பார்த்தேன். ரெண்டு துருப்பிடித்துவிட்டது. டப்பாவைக் குலுக்கியதும் என் பேத்தி ஓடிவந்து, இன்னொரு தரம் ஆட்டுங்க தாத்தா என்றாள்.